வெள்ளையாக விட்ட இடம்

மனித நாகரிகம் மூன்றே மூன்று பாய்ச்சலில் இன்றைய நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதலாவது, நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, சக்கரம். மூன்றாவது, குடிநீர் வாரியத்தின் இயக்குநர் மூன்று நாள் 'கலை ரசனைப் பயிற்சி'க்குப் போய்விட்டு, ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகம் திரும்பியது.

முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறை இங்கே தீர்கிறது.

போகும்போது அவர் சாதாரண இயக்குநராகத்தான் போனார். கோப்பைத் திறப்பார், மூடுவார், "பாத்துப் பண்ணுங்க" என்பார். திரும்பி வரும்போது கழுத்தை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு வந்தார். எதைப் பார்த்தாலும் இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, "ம்ம்ம்" என்றார். சாருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று நினைத்து வாசல் காவலாளி தைலம் தேடிக்கொண்டு ஓடினார். பாவம், அவருக்குக் கலை தெரியாது.

அன்று முதல் ஆளாக அவர் அறைக்குள் போனவள் ஸ்கேலக்கா.

ஸ்கேலக்கா வாரியத்தின் வரைவாளர். இருபத்திரண்டு வருடச் சேவை. எப்போதும் கையில் ஓர் அடிக்கோல் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். படம் அச்சடிக்கும் பெரிய இயந்திரம் ஏழு மாதமாகப் படுத்திருந்தது. அதைப் பழுதுபார்க்கக் கேட்ட கோப்பில் ஒரு படம் இணைக்க வேண்டும், அந்தப் படத்தை அந்த இயந்திரத்தில்தான் அச்சடிக்க வேண்டும் என்பதால் கோப்பும் பக்கத்திலேயே படுத்திருந்தது. எனவே ஸ்கேலக்கா ஊரின் குழாய் வரைபடத்தைக் கறுப்பு மசியில் கையாலேயே போட்டிருந்தாள்.

ஒரே நிறம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம். பாறைக்கு மீன் செதில். மணலுக்குப் புள்ளி. நீர்த்தேக்கத்துக்கு அலை. வால்வுக்கு ஐந்து இதழ் வைத்த வட்டம். குழாய்களுக்குக் கோடு, குழாயின் அகலத்துக்கு ஏற்ற தடிப்பில். தாளின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஊசி குத்த இடமில்லாமல் நிரப்பியிருந்தாள். நடுவில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளை. அது மேட்டுப் பக்கம். வாரியத்தின் இணைப்பு இல்லாத பகுதியை வரைபடத்தில் காட்டக் கூடாது என்பது வாரியத்தின் பழைய விதி. அதன் மேலே ஒரு டிரேசிங் தாள் குத்தியிருந்தது. மேட்டுப் பக்கத்துக்குப் போக வேண்டிய புதுக் குழாய் அதில் சிவப்பு மசியில் இருந்தது.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். மேலிடம் மூன்று வருடம் யோசித்துக் கொடுத்த அனுமதி இந்த மாதம் முப்பதாம் தேதியோடு செத்துப்போகும். மேட்டுப் பக்கத்தில்தான் ஸ்கேலக்காவின் தங்கை குடியிருந்தாள்.

"சார், மேட்டுப் பக்கத்துக் கோப்பு. ஒரு கையெழுத்து."

இயக்குநர் கோப்பைத் திறந்தார். டிரேசிங் தாளை, சாப்பாட்டில் கிடந்த முடியை எடுப்பதுபோல இரண்டு விரலால் எடுத்து அப்பால் வைத்தார். இரண்டடி பின்னால் போனார். நாற்காலி சுவரில் இடித்தது.

"யாரும்மா போட்டது இது?"

"நான்தான் சார். மிஷின் ரிப்பேருங்கறதால கையாலயே..."

"கையாலயா!"

"கையாலயா!" என்றது பக்கத்தில் இன்னொரு குரல். அது இயக்குநரின் நேர்முக உதவியாளர். அவர் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. அலுவலகம் அவரை 'எதிரொலி' என்று அழைத்தது.

"இந்தக் கோட்டைப் பாருங்க. தடியா ஆரம்பிக்குது. போகப் போக இளைக்குது. கடைசில முடி மாதிரி ஆயிடுது. என்ன ஒரு சோகம்!"

"அது பன்னெண்டு இன்ச் பைப்பு சார். அப்புறம் எட்டு, அப்புறம் நாலு. கடைசி வீட்டுக்குப் போறப்ப சொட்டுதான் வரும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சோகம். இந்தப் பூ?"

"வால்வு சார்."

"பூவுக்கு வால்வுன்னு பேரு வைக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!" இயக்குநர் கழுத்தை இன்னும் சாய்த்தார். குரல் இறங்கியது. "அதெல்லாம் விடுங்கம்மா. நடுவுல இந்த வெள்ளை. சுத்தி இத்தனை நெரிசல், நடுவுல ஒண்ணுமே இல்ல. கண்ணு தானா போயி அங்க உக்காந்துக்குது. பயிற்சில சொன்னாங்க. லைன், பேட்டர்ன், ஸ்பேஸ். மத்த ரெண்டும் யாரு வேணா போடலாம். ஸ்பேஸ் விடறவன்தான் கலைஞன்."

"சார், அங்க முன்னூத்திப் பன்னெண்டு வீடு இருக்கு."

"எங்க?"

"அந்த வெள்ளையில."

இயக்குநர் மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்து தேடினார். "இல்லையே."

"இல்லையே," என்றார் எதிரொலி.

புதன்கிழமைக்குள் படத்துக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, கூட்ட அறையில் மாட்டிவிட்டார்கள். அதற்கு முன் அந்த ஆணியில் நீர் வினியோக நேர அட்டவணை தொங்கியது. அது எப்படியும் யாருக்கும் பயன்பட்டதில்லை.

தொடர்ந்து சுற்றறிக்கை வந்தது. 'ஊழியர்தம் மன அழுத்தத்தைக் குறைத்துப் பொதுமக்கள் சேவையை மேம்படுத்தும் பொருட்டு, ஒவ்வொரு புதனும் பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை ரசனை நேரமாக அனுசரிக்கப்படும். அந்நேரத்தில் பொதுமக்கள் புகார் ஏற்கப்படமாட்டாது.' கூடவே ஒரு படிவம். கோடு உங்களுக்குள் எழுப்பிய உணர்வு என்ன? வடிவத்தில் எத்தனை நிமிடம் தொலைந்தீர்கள்? வெற்று வெளியில் உங்களைக் கண்டீர்களா, ஆம் அல்லது இல்லை.

முதல் ரசனை நேரத்தில் முப்பத்தாறு பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். புகார்ப் பிரிவில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்தச் சத்தம் கூட படத்துக்குப் பொருத்தமா இருக்கு," என்றார் இயக்குநர்.

குழாய் மேஸ்திரி மட்டும் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். முப்பது வருடமாக ஊரின் அடிவயிற்றைத் தோண்டுகிற மனிதர். ஒரு பூவின் மேல் விரலை வைத்தார். "சார், இந்த வால்வு போன வருஷமே வெடிச்சுப் போச்சு. ரோடு பூரா தண்ணி."

"வெடிச்சுப் பூத்த பூ!" என்றார் இயக்குநர். "எழுதிக்கங்க."

எதிரொலி எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் ஸ்கேலக்காவைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். மூன்று மணிக்கு அவள் எரிச்சலோடுதான் வந்து உட்கார்ந்தாள். மூன்றேகாலுக்கு நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் போட்ட ஒரு படத்தைக் கூட யாரும் படமாகப் பார்த்ததில்லை. மடிப்பார்கள், டீக் கோப்பையை அதன்மேல் வைப்பார்கள், குழிக்குள் எடுத்துப்போய்ச் சேறாக்குவார்கள். இப்போது கண்ணாடிக்குள் அது நிமிர்ந்து நின்றது. செதில் ஒன்றுகூட இன்னொன்றை இடிக்கவில்லை. அலை நிஜமாகவே அசைந்தது. அந்தக் கோடு நடுங்காமல் எவ்வளவு தூரம் போகிறது! இதையா நான் போட்டேன் என்று நினைத்தாள். நடுவில் இருந்த வெள்ளை, சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

இரண்டாவது புதன்கிழமை அவள் நல்ல புடவையில் வந்தாள். "வெற்று வெளியில் உங்களைக் கண்டீர்களா" என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டாள். சிவப்புத் தாளைப் பற்றி அந்த வாரம் யாரிடமும் பேசவில்லை.

தங்கைதான் கூப்பிட்டாள்.

"என்னக்கா, பைப்பு என்னாச்சு? லாரி வந்து ஆறு நாளாச்சு."

"கோப்பு சார்கிட்ட இருக்குடி. படத்தை மாட்டியிருக்காங்க. நீ ஒரு தடவை வந்து பாரேன். எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா, என் கோட்டுல..."

"உன் படத்தைக் கழுவியாக்கா குடிக்க முடியும்?"

ஸ்கேலக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"எங்க வீடு அதுல எங்க இருக்கு?"

"நடுவுல."

"தெரியுதா?"

ஸ்கேலக்கா போனை வைத்துவிட்டு, வெகுநேரம் அடிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மறுநாள் சிவப்புத் தாளை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். தேதி பத்தொன்பது.

"சார், இதுல கையெழுத்து வேணும். முப்பதாம் தேதி தாண்டினா அனுமதி போயிடும். ஜனங்க லாரிக்காகக் காத்துக் கிடக்கறாங்க."

"புரியுதும்மா. நான் என்ன மனுஷன் இல்லையா?" என்றார் இயக்குநர். "ஆனா நீங்களே சொல்லுங்க. நம்ம விதிப்படி, அங்கீகரிச்ச படத்துல இருக்கறதைத்தான் தரையில போடணும். அந்தப் படம் இப்ப சுவத்துல இருக்கு. அந்த வெள்ளை நடுவுல சிவப்பா ஒரு கோட்டை இழுத்தா அது மூச்சு முட்டிச் செத்துப்போகும்."

"எது சார்?"

"ஸ்பேஸ்."

"ஸ்பேஸ்," என்றார் எதிரொலி, கண் கலங்க.

அவசரம் கருதி உடனே ஒரு குழு போடப்பட்டது. நான்கு நாள் கழித்துக் குழு கூடி, 'மேற்படி வெள்ளைப் பகுதி வாரியத்தின் கலைச் சொத்து. அதில் வசிப்பதாகக் கூறப்படும் நபர்கள் படத்தின் சமநிலையைக் கருத்தில் கொண்டு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று தீர்மானித்தது. ஸ்கேலக்கா தீர்மானத்தை இரண்டு முறை படித்தாள். இந்த மனிதரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பயனில்லை, கலையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இருபத்தாறாம் தேதி. அவளும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், ராத்திரி பூரா தூக்கமே இல்ல. படத்துல ஒரு குறை இருக்கு."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த வெள்ளை ரொம்பத் தனியா இருக்கு சார். ஏங்குது. ஓரத்துல இருந்து ஒரே ஒரு கொடி, கறுப்புலதான், மெல்லிசா உள்ள போச்சுன்னா வெள்ளை இன்னும் வெள்ளையாத் தெரியும்."

இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தார். "இத்தனை நாளா உங்களை வெறும் டிராஃப்ட்ஸ்மேன்னு நினைச்சிட்டிருந்தோமே!"

சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். ஸ்கேலக்கா பேனாவை மசியில் தோய்த்தாள். சிவப்புத் தாளில் போட்டிருந்த அதே பாதை. பெரிய குழாயிலிருந்து கிளம்பி மேட்டுப் பக்கத்தின் நடுவுக்கு ஒரே கோடு. அதிலிருந்து வீடுகளுக்குக் கிளைகள். கிளைகளின் நுனியில் சின்னச் சின்ன இலை. இலை என்றால் வீட்டுக் குழாய்.

"கொடின்னா சுருள் வேணுமே," என்றார் இயக்குநர். "ஒரு ஏழு சுருள் போடுங்க."

ஒரு சுருள் என்றால் தரையில் நாற்பது மீட்டர் குழாய் வீணாகச் சுற்றும்.

"ஏழு வேணாம் சார். கூட்டமாத் தெரியும். ஒண்ணு போதும்."

"ஒத்தைச் சுருள் ஓவியத்துக்கு ஆகாது. அஞ்சு."

"ரெண்டு சார். ரெண்டுன்னா ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நிக்கும்."

"மூணு. இதுக்கு மேல கலைகிட்ட பேரம் பேசாதீங்க."

மூன்று சுருள் போட்டாள். இயக்குநர் இரண்டடி பின்னால் போனார். "அருமை. ஆனா..." என்று பக்கத்தில் வந்தார். கொடி கிளம்பும் இடத்தில், அது பெரிய குழாயைத் தொடும் மூட்டின்மேல் விரலை வைத்தார். "இங்கதான் இடிக்குது. தொட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு? தொட்டும் தொடாம நிக்கணும். பாக்கறவன் மனசு போயித் தொடணும்."

"சார், அது தொட்டாத்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் மசி சுரண்டும் பிளேடை எடுத்து, அந்த மூட்டைத் தானே சுரண்டி எடுத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் தன் கையால் செய்த முதல் வேலை அதுதான், சுத்தமாகச் செய்திருந்தார். ஒரு விரல் அகலம். தரையில் அறுபது மீட்டர்.

பிறகு படத்தின் மூலையில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். இத்தனை நாள் கிடைக்காத கையெழுத்து இப்போது கிடைத்திருந்தது. இனி ஒரு புள்ளி வைத்தாலும் அனுமதி செல்லாது. ஸ்கேலக்கா வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு மாதம் மேட்டுப் பக்கத்தில் தோண்டினார்கள். மேஸ்திரி தினமும் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, பைப்பை நத்தை மாதிரி சுத்திச் சுத்திப் போடச் சொல்லுதே படம். மண்ணுக்குள்ள எவன் பாக்கப் போறான்?"

"படத்துல இருக்குல்ல. போடுங்க."

"சுருளைக் கூட விடுங்க. எல்லா வீட்டுக்கும் குழாய் வச்சாச்சு. ஜனங்க குழாயைத் தொடைச்சுப் பளபளன்னு வச்சிருக்காங்க. ஆனா மெயின் லைனுக்கு அறுபது மீட்டர் முன்னாடி வேலை முடிஞ்சிடுச்சுங்குது படம். மிச்சத்துல மனசு போயித் தொடணுமாமே?"

"நீங்க இருங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் அடிக்கோல் இல்லாமல் வந்தாள். குழாய் முடிந்த இடத்தில் நின்றாள். எதிரே பெரிய குழாயின் மூடி தெரிந்தது. செருப்பைக் கழற்றி, குதிகாலை மண்ணில் அழுத்தி, அங்கிருந்து அதுவரை இழுத்துக்கொண்டே நடந்தாள். சுருள் இல்லை, இலை இல்லை. யாரும் கையெழுத்துப் போடாத கோடு.

"இதுமேல தோண்டுங்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எனக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுக்கா. நாளைக்கு யாராச்சும் கேட்டா..."

அவள் ஒரு துண்டுச் சீட்டில் 'இணைக்கவும்' என்று எழுதி, கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். மேஸ்திரி அதை வாங்கிப் படித்தார். "ஓ, இதுதான் உங்க பேரா," என்றார்.

திறப்பு விழா அவளுடைய தங்கை வீட்டு வாசலில். கண்ணாடிச் சட்டத்தோடு படத்தையும் கொண்டுவந்து ஒரு ஸ்டூலில் நிறுத்தியிருந்தார்கள். இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். கோட்டைப் பற்றிப் பத்து நிமிடம், வடிவத்தைப் பற்றிப் பத்து நிமிடம், வெளியைப் பற்றிப் பத்து நிமிடம். தண்ணீரைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. பிறகு குழாயைத் திருகினார்.

குழாய் இருமியது. சேறாக ஒரு வாய் துப்பியது. அதற்குப் பிறகு வெள்ளையாக, சத்தமாகக் கொட்டியது. தெரு முழுக்க ஒரே கூச்சல். வாளிகள் உருண்டன. தங்கை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள். "அக்கா, சில்லுன்னு இருக்குக்கா!" என்று கத்தினாள். கூட்டத்தின் பின்னால் நின்ற ஸ்கேலக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா கலையோட சக்தியை!" என்றார் இயக்குநர்.

எதிரொலியிடமிருந்து சத்தம் வரவில்லை. அவர் ஸ்டூலின் முன்னால் குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டுகிற குழாயைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு, வாரியத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினார்.

"சார், படத்துல தொடவே இல்லையே."

இயக்குநர் கழுத்தைச் சாய்த்தார். இரண்டடி பின்னால் போனார். சேற்றில் கால் வைத்தார். ஆனால் இந்த முறை "ம்ம்ம்" என்று சொல்லவில்லை.

விழா முடிந்து அலுவலகம் திரும்பியதும் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள், சீட்டை வாங்கினார்கள், கோப்பு திறந்தார்கள். எந்தத் தேக்கமும் இல்லை. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசைக்குத் தானே நடந்துபோய்க் கொடுத்தது. மாலை நான்கு மணிக்கு ஸ்கேலக்காவின் கையில் குறிப்பாணை இருந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட படத்தின்படி மேற்படி பகுதியில் தண்ணீர் வர வாய்ப்பே இல்லாத நிலையில், தன்னிச்சையாகத் தண்ணீரை வரவழைத்து, வாரியத்தின் கலைச் சொத்துக்கு ஊறு விளைவித்தமைக்காகத் தாங்கள் இன்று முதல் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள். படத்தில் உள்ளபடி இடைவெளி விரைவில் மீட்கப்படும்.'

குடிநீர் வாரியம் மெத்தனமானது என்று சொல்கிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். மேட்டுப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் வரவில்லை. அதற்கு யார் பொறுப்பு என்று வாரியத்தால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு நாள் தண்ணீர் வந்தது. பொறுப்பாளியை, சொந்தப் பெயர் உட்பட, ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது.